டேங்க் மூடியில் குடியிருந்த பேய்

வெள்ளிக்கிழமை காலையில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிய ஏரிக்கரை வளைவில் நிற்க இடம் கிடைக்காது. டிராக்டர் நிற்கும், போர்வெல் லாரி நிற்கும், கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன்கூட வந்து நிற்கும். எல்லாம் டீசல் சித்தர் தனகோடி சுவாமிகளின் தரிசனத்துக்கு! மனிதருக்குப் பேயோட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. என்ஜினுக்குப் பேயோட்டுகிறவர் இவர் ஒருவர்தான். புத்திசாலி. என்ஜின் போலீசுக்குப் போகாது பாருங்கள்.

சுவாமிகளுக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது அருணகிரியின் பழைய பஸ். சதுரங்கப்பட்டினத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஓடுகிற வண்டி. ஒரு ஆயுத பூஜையன்று அதற்கு விளக்கிலிருந்து டீசல் டேங்க் மூடி வரை சந்தனத்தை அப்பிவிட்டார்கள். மறுநாள் காலை, டேங்க் நிறைய டீசலோடு கிளம்பிய வண்டி, ஏரிக்கரை வளைவில் இருமி நின்றது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த தனகோடி எழுந்து வந்து மூடியைத் திறந்தார். உஸ்ஸ் என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், எழுந்தபோது தனகோடி, உட்கார்ந்தபோது சுவாமிகள்.

அதற்குப் பிறகு சுவாமிகள் கட்டளையிட்டார்: வாராவாரம் வெள்ளிக்கிழமை மூடிக்குச் சந்தனக் காப்பு! வாராவாரம் வெள்ளிக்கிழமை வண்டியும் நின்றது. காப்பு வைத்த அன்றைக்கே பேய் எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி கேட்டாள். அவள் பெயர் வேண்டா, அந்த பஸ்ஸின் கண்டக்டர். முன்பு இதே பஸ்ஸை ஓட்டி, காய்ச்சலில் செத்துப்போன ஆனந்தனின் மனைவி. கேள்வி கேட்டவளுக்குப் பதில் அடுத்த வெள்ளிக்கிழமை கிடைத்தது.

அன்றும் வண்டி நின்றது. சுவாமிகள் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். மூடிமேலிருந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எறிந்தார். மூடியைத் திருகினார். உஸ்ஸ்.

"பேய் மூச்சு விடுகிறது!" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டிரைவர் ஜெயக்குமார் டீசல் கை பம்பைப் பதினொரு தடவை அடித்தான், அடிக்கு ஒரு மந்திரத்தோடு. என்ஜின் கிளம்பியது. மந்திரம் இல்லாமல் அடித்திருந்தாலும் கிளம்பியிருக்கும் என்பது வேறு விஷயம்.

சுவாமிகள் வேண்டாவை நோக்கி விரலை நீட்டினார். "வந்தது ஆனந்தன். பெண்டாட்டியைத் தேடி வருகிறான். இவள் இந்த வண்டியில் இருக்கும்வரை விடமாட்டான்."

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டா, தப்பா நென்ச்சிக்காத. பையைக் குட்த்துட்டு எறங்கிக்கோம்மா."

புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அந்தப் பைதான். வேண்டாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் அழவில்லை, அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"எறங்கறேன் மொதலாளி. அதுக்கு முன்ன ஒண்ணு. தொரத்துன சாமி மேல எங்க வூட்டுக்காரருக்குக் கோவம் இருக்கும். அப்போ சாமிக்கும் காப்பு வோணும் இல்ல?" பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை அள்ளினாள். பக்கத்தில் நின்ற சுவாமிகளின் பழைய மோட்டார் சைக்கிள் டேங்க் மூடியில் வழித்து அப்பினாள்.

"ஏய்! அதுல வைக்காத!" சுவாமிகளின் குரலில் முதல் தடவையாகப் பக்தி குறைந்தது.

"ஏன் சாமி, காப்புதானே?"

அருணகிரி கை கூப்பினார். நிஜமான பக்தர், பாவம், அதுதான் சுவாமிகளுக்கு வினையாயிற்று. "சாமி, நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வர்றோம். செங்கல்பட்டு வரிக்கும் வழித்துணையா வாங்க."

இத்தனை பேர் முன்னால் தன் காப்பைத் தானே எப்படிச் சுரண்டுவது? சுவாமிகள் உதைத்துக் கிளப்பினார். பஸ் பின்னால் போனது, டிராக்டரும் வேனும் அதன் பின்னால். ஆறேழு கிலோமீட்டர் போயிருக்கும். மோட்டார் சைக்கிள் இருமியது, குலுங்கியது, நின்றது.

சுவாமிகள் உதைத்தார். மறுபடி உதைத்தார். வியர்த்துக் கொட்டியது. எலுமிச்சம்பழம் தேடவில்லை, மந்திரம் சொல்லவில்லை. பழக்க தோஷம், நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி மூடியைத் திறந்தார். உஸ்ஸ்.

ஜன்னல்களில் ஐம்பது தலைகள்.

வேண்டா இறங்கி வந்தாள். "சாமி, இது யாரு மூச்சு? எங்க வூட்டுக்காரரு எப்போ உன் வண்டில ஏறுனாரு?"

சுவாமிகள் அவசரமாக மூடியைத் திருகினார். வேண்டா அருணகிரி பக்கம் திரும்பினாள்.

"மொதலாளி, எண்ணெ டின்னுல ஒரு ஓட்ட போட்டா எண்ணெ ஒழுங்கா வருமா? இன்னொரு ஓட்ட போட்டு காத்து போனாத்தான் வரும். இந்த மூடிலயும் காத்துக்கு ஒரு ஓட்ட கீது. அத்த சந்தனம் வெச்சு அடைக்கிறோம். டீசல் எறங்க எறங்க உள்ள காத்து இல்லாம இஸ்து புட்ச்சிக்குது. என்ஜினுக்கு டீசல் போவல. வண்டி நிக்காம இன்னா பண்ணும்?"

ஜெயக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், நீ லாரி ஷெட்டுல கிளீனரா கீந்தவன்தானே? உனுக்கு மொதல்லியே தெரியும்!"

"தெரியும்பா," என்றார் தனகோடி. சுவாமிகள் எங்கேயோ இறங்கிப் போய்விட்டிருந்தார். "ஓட்ட அடைச்சிக்கினு கீதுன்னு சொல்லியிருந்தா ஒரு டீ வாங்கிக் குட்த்திருப்பீங்க. பேய்னு சொன்னேன், மால போட்டீங்க." சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். பேய் இல்லாத வண்டி ஒரே உதையில் கிளம்பி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

அருணகிரி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பையை மாட்டிக்கோம்மா. நான்தான் முட்டாப்பய."

வேண்டா பஸ்ஸின் மூடியை ஒரு கந்தல் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். டிராக்டர்க்காரர் சின்னையன் பவ்யமாகப் பக்கத்தில் வந்தார்.

"தாயே, அந்தத் துணிய எங்க டிராக்டர் மேல ஒரு தபா ஒத்திக் குடேன். ராசியான கை!"

வேண்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள். துணியை அவர் கையிலேயே வைத்தாள். "இந்தா. மூடியத் தொடைக்க நானே போதும் பெரீவரே. அடைச்சுக்கினு கீற உன் தலைய நீதான் தொடச்சுக்கணும்."