கோதையின் நிச்சயத்துக்குப் போட்ட புதுச் சக்கரங்கள்

சாமி படம் விஷயத்தில் எனக்குப் பேராசை உண்டு. காலியிடம் கண்டால் ஒரு ரெங்கநாதரை ஒட்டிவிடுவேன். (ஃபிரிட்ஜில் மட்டும் மூன்று.) பழைய கார் வாங்கியபோது, ஓட்டும்போது கண்ணில் படட்டுமே என்று ஸ்பீடோமீட்டர் கண்ணாடியின் ஓரத்திலேயே ஒன்றை ஒட்டினேன்.

மகள் கோதையின் நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவைத் திருவெறும்பூரிலிருந்து நானே அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகவே முந்தின நாள் எடமலைப்பட்டி புதூரில் நான்கு சக்கரங்களையும் மாற்றி, பளபளவென்று அலாய் வீல் போட்டேன்.

காலையில் சக்கரங்களுக்குச் சந்தனம், குங்குமம், அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டும் முன்பே வண்டி உருண்டு பழத்தை நசுக்கிவிடக் கூடாதே என்று, அதுவரை தொட்டே அறியாத ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தேன்.

கிளம்பியதிலிருந்தே 'கிரீச்' சத்தம். காவிரிப் பாலத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சக்கரத்தின் அழகைத்தான் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகையில் சம்மந்தி மூக்கை உறிஞ்சினார். மெஷின்களோடு முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஏதோ கருகுற வாசனை வருதுங்களே?"

"கற்பூரம்ங்க. காலைல பூஜை போட்டேன்."

திருவானைக்காவலில் கற்பூரம் புகையாகவே வந்துவிட்டது. ஓரங்கட்டினேன். மணி பத்து. வீட்டிலிருந்து மனைவி: "எங்கங்க இருக்கீங்க? எல்லாரும் வாசலையே பாத்துட்டு இருக்காங்க!" சக்கரக் கடைக்காரருக்குப் போன் போட்டு, சம்மந்தியம்மா காது பொத்தும் அளவுக்குத் திட்டினேன். பிறகு தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தருகே குனிந்தேன்.

"சூட்டுல ஊத்தாதீங்க!" சம்மந்தி பாட்டிலைப் பிடுங்கினார். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டிப் பார்த்தார். "பின்னாடி ரெண்டும்தான் கொதிக்குது. மாத்தினது நாலையும்தானே? ஹேண்ட் பிரேக்க எடுத்தீங்களா?"

"எடுக்காமலா? சிவப்பு லைட்டே எரியலையே!"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நகத்தால் படத்தை மெதுவாக உரித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது இருந்த இடத்தில் சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

இந்த வீட்டிலா பெண் எடுப்பது என்று நினைத்திருப்பாரோ?

"வண்டி ஆறட்டும். ஆட்டோ பிடிங்க" என்றார்.

ஆட்டோவில் மடியில் பழத்தட்டோடு நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பெருமாள் காட்டாமலில்லை, சத்தமாகச் சொன்னார், புகையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நான்தான் வேறு பெயர் வைத்தேன். மறுபடி கடைக்காரருக்குப் போன் செய்தேன். "தப்பு என்னுதுதாங்க. மன்னிச்சிடுங்க."

போனை வைத்ததும் சம்மந்தி என் தொடையில் தட்டினார். "வாங்க, தட்டு மாத்துவோம்."

பத்து இருபத்தைந்துக்கு மாற்றினோம்.

இப்போதும் திருவெறும்பூரில் கோதை அடுப்பில் பாலைத் தீய விட்டால், கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுப்பாராம்: "ஒண்ணுமில்லம்மா, கற்பூரம்!"