தோளில் மாட்டிய கருவியும் கிடைத்த லீவும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், காது நீங்கலாக. அங்கே நீயும் அத்தானும் கல்யாணப் பெண்ணும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது. "மாமா வரலைன்னா நான் மேடையே ஏற மாட்டேன்" என்று அவள் போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சூப்பர்வைசரோ கேட்கும்போதெல்லாம் வள்ளென்று விழுந்தார். அவர் கத்தினால் தகடு வெட்டும் பிரஸ்ஸின் சத்தமே அடங்கிப்போகும்.

நேற்று எங்கள் காதுகள் கெட்டுப்போகாமல் காப்பாற்ற, தொழிற்சாலையில் சத்தம் அளக்கும் ஒருவர் வந்தார். தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை என் தோளில் மாட்டி, "ஷிப்ட் முடியற வரைக்கும் கழட்டாதீங்க. சத்தம் எவ்வளவுன்னு மட்டும்தான் அளக்கும், பேச்சைப் பதிவு பண்ணாது" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனார். பண்ணாது என்று அவர் சொன்னதுதான் தாமதம், பண்ணும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கிரைண்டிங்காரர் என்னிடம் சைகையில் பேசினார், முதலாளியைத் தினமும் வண்டி வண்டியாகத் திட்டும் பிட்டர் என் தோளுக்கு நேரே குனிந்து, "நம்ம முதலாளி மாதிரி தங்கமான மனுஷன் உண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார், சூப்பர்வைசர் என் மெஷினோடு பக்கத்து மெஷின்களையும் நிறுத்தச் சொல்லி, என் கையில் ஒரு துணியைக் கொடுத்து, "மெதுவா தொடைங்க" என்றார். இதுதான் சமயம் என்று தோளை அவர் வாய்ப்பக்கம் திருப்பி, "சார், அந்த லீவு..." என்று இழுத்தேன். "உங்க அக்கா பொண்ணு கல்யாணம் நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி. போயிட்டு வாங்க தம்பி" என்றார். தம்பியாம் அக்கா. இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'டேய்' தவிர வேறொன்றும் எனக்கு வந்ததில்லை. பிரஸ்ஸைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போலிருந்தது.

அத்தானுக்கு என் வணக்கம். கல்யாணப் பெண் தீர்க்காயுசாக, காது கேட்கிற வேலையில் உள்ள புருஷனோடு நன்றாக இருக்கட்டும். முன்வரிசையில் எனக்கொரு நாற்காலியைத் துண்டு போட்டுப் பிடித்து வை.

இப்படிக்கு,
தலைகால் புரியாத சந்தோஷத்தில்,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சத்தம் அளந்தவர் கூப்பிட்டனுப்பினார். நேற்று என் தோளில் பதிவான அளவு சத்தம் ஆஸ்பத்திரியில்கூட இருக்குமாம். மெஷின்களை நிறுத்தி வைத்து அளந்தது செல்லாதாம். எல்லாவற்றையும் ஓடவிட்டு, அதே ஆள் தோளில் மறுபடி அளக்க வேண்டுமாம். அது கல்யாணத்தன்று. சூப்பர்வைசர் லீவை ரத்து செய்துவிட்டார்; தோளில் கருவி இல்லாததால் பழைய குரலிலேயே. அளக்கிறவர் தன் தேதியை மாற்றவே முடியாது என்கிறார். உன் சம்பந்தி தங்கமானவர், எதற்கும் விட்டுக்கொடுப்பார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கொஞ்சம் கேட்டுப் பாரேன்.