கதவைக் கழற்றியவளுக்கு ஒரு வாழ்த்து

“உன்னை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு” என்றார் கணபதியப்பன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

மீனாட்சியம்மாள் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். “உப்பு சரியாத்தானே இருக்கு?”

“கொழம்பைச் சொல்லல்ல. உன்னைச் சொல்லுதேன்.”

“அப்பம் சேனை காறுதா? திங்கக்கெழமை நானே கோட்டாத்துச் சந்தைக்குப் போயி, வெட்டிக் காட்டச் சொல்லி வாங்கினதாக்கும்.”

“எட்டி, நெசமாத்தான் சொல்லுதேன். நீ செய்ததை இந்த ஊருல ஒருத்தன் செய்ய மாட்டான்.”

“பிடிக்கல்லன்னா பிடிக்கல்லன்னு சொல்லுங்கோ. அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கியோ?” சேனைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கணபதியப்பனுக்குச் சேனை என்றால் உயிர். மீதிச் சோற்றை மோர் விட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

இதற்கு அவர் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பகுதிக் கச்சேரியில் நிலவரிக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை பார்த்தாலும், ஊரில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வாழ்த்துமடல்தான். கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதி, ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, தாலி கட்டியதும் பந்தலில் வாசித்து, பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இருபது வருடமாக எல்லா வீட்டுக்கும் எழுதுகிறவர் அவர்தான். எழுதியதெல்லாம் வஞ்சப்புகழ்ச்சி. பெரிய கஞ்சன் ஒருவரைக் ‘கொடையில் கர்ணன்’ என்று எழுதினார். அந்த மனிதர் அதை வாசலுக்கு எதிரே மாட்டிவைத்தார். வந்தவர்கள் அதைப் படித்து, அவர் தந்த அரை டம்ளர் மோரைக் குடித்து, தெருமுனை திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சொந்த மைத்துனன் கல்யாணத்தில்கூட அவர் கையை அடக்கவில்லை. மூன்றாம் பாரத்தில் தேறாமல் மூன்று வருடம் குடியிருந்த அந்தப் பையனைக் ‘கல்விக்கடல்’ என்று பாடிவிட்டார். தம்பியைச் சொன்னதும் மீனாட்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “இனி இவரு எழுதினதுல ஒரு வரி படிக்க மாட்டேன்” என்று அன்றைக்கே சபதம் செய்தாள். பத்திரிகையைத் தேதியிலிருந்து விளம்பரம்வரை விடாமல் படிக்கிறவள், புருஷன் எழுத்தை மட்டும் தொடுவதில்லை.

அவளுக்குத்தான் இப்போது ஒரு வாழ்த்துமடல் எழுதவேண்டி வந்திருக்கிறது.

ஐம்பத்துநாலு ஐப்பசியில் அடைமழை. ஒருநாள் காலையில் பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் சானலின் கரை ஊருக்கு மேற்கே உடைந்தது. நட்டுப் பதினைந்து நாள்கூட ஆகாத வயல் அத்தனையும் அதற்குக் கீழே. ஆண்கள் கரையில் கூடி நின்று, கச்சேரிக்கு ஆள் அனுப்பலாமா, எஞ்சினியருக்கு அனுப்பலாமா என்று பேசினார்கள். கணபதியப்பன் குடை பிடித்து நின்று, “நம்ம வயலைப் பாக்கணும்னு சானலுக்கே ஆசை வந்துட்டு வே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த மீனாட்சியம்மாள் சிரிக்கவில்லை. ஈரச் சேலையோடு வீட்டுக்கு ஓடி, நாலு பெண்களைச் சேர்த்து, வாசல் கதவைக் கழற்றித் தூக்கிவந்தாள். கதவை உடைப்பின் குறுக்கே சரித்து, கழுத்தளவு தண்ணீரில் முதுகைக் கொடுத்து நின்றாள். “வைக்கோலைக் கொண்டாங்கலே” என்று அவள் போட்ட சத்தத்தில்தான் ஆண்களுக்குக் கால் நகர்ந்தது. மூன்று மணி நேரம். ஊருக்கு அந்த வருட நெல் மிஞ்சியது. கதவு மட்டும் பிளந்துபோனது.

அந்த மூன்று மணி நேரமும் கணபதியப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வைக்கோல் சுமந்தார். வாயில் ஒரு கேலியும் வரவில்லை. இவள் என் பெண்டாட்டி என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

ஊரைக் கூட்டும் வேலையை வாசகசாலைச் செயலாளர் கிருஷ்ணமணி பார்த்துக்கொண்டார். ஒரு விழா வைத்து, அவளுக்கு அயனி மரத்தில் ஒரு புதுக் கதவு, ஒரு வாழ்த்துமடல் என்று ஏற்பாடு. “எழுத்து உம்மதுதான், பிள்ளைவாள். வழக்கம்போல காரமா இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தார். கை பழக்கதோஷத்தில் ஒரு கேலியை எழுதியது. அடித்தார். அடுத்த வரியிலும் ஒன்று வந்தது. அதையும் அடித்தார். சாயங்காலத்துக்குள் ஒன்பது வரி உண்மை தேறியது. அதை நல்ல தாளில் படியெடுத்துக்கொண்டு, அடித்துத் திருத்திய தாளைக் கசக்கி அடுக்களை விறகுக் கூடையில் போட்டார்.

சேனை பறிபோன மறுநாள் கோட்டாறு போனார். அங்கே அச்சும் கண்ணாடிச் சட்டமும் இரண்டும் ஆபேல் கடையில்தான். ஆபேல் முதல் வரியைப் படித்தான். தோள் குலுங்கியது. இரண்டாம் வரியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

“ஆபேல், இது கேலி இல்லடே.”

“தெரியும் அண்ணாச்சி, எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி, எழுத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான்.

அச்சான தாளை வாங்கிக்கொண்டு கணபதியப்பன் வெளியே வந்தார். ஒரு ஆளே இப்படிச் சிரித்தால் ஒரு ஊர் என்ன சிரிக்கும்? தான் வாசித்தால் காரியம் கெட்டுப்போகும் என்று முடிவுசெய்து, தலைமையாசிரியர் மத்தியாஸ் ஸாரிடம் ஓடினார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் நாற்காலி உடைந்து விழுந்தபோதும் சிரிக்காத மனிதர் அவர்.

“நீங்க வாசிச்சா எல்லாரும் நம்புவா ஸார்.”

“வாசிக்கேன். உள்ளர்த்தம் ஏதும் உண்டா?”

“ஒண்ணுமே கிடையாது ஸார்.”

மத்தியாஸ் ஸார் அவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார்.

விழா அன்று வாசகசாலை முற்றத்தில் நிற்க இடமில்லை. மீனாட்சியம்மாள் முன்வரிசையில், புதுக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியாஸ் ஸார் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“கழுத்தளவு நீரிலே நீ நின்றாய். கரைமேலே குடையோடு நான் நின்றேன்.”

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. மத்தியாஸ் ஸார் நிறுத்தினார். தாளை உற்றுப் பார்த்தார். “ஓகோ, இது இப்பிடிப் போகுதா” என்று மெல்லச் சொல்லி, பிறந்ததிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தார். அதைப் பார்த்து ஊர் இன்னும் சிரித்தது.

கணபதியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடையில் ஏறினார். “எல்லாரும் செத்த சும்மா இரிங்கோ. ஒவ்வொரு வரியும் சத்தியம். பழைய காலத்துல சுசீந்திரம் கோயில்ல கொதிக்க நெய்யில கையை முக்கிச் சத்தியம் பண்ணுவாளே, அதுமாதிரி நானும் கை முக்கத் தயார்.”

“நெய்யைக் காய்ச்சுங்கலே” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“எனக்கு இவளை நெனச்சா...” என்று ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“பாத்தேளா, கண்ணீரும் வருது. என்னா நடிப்பு” என்று கிருஷ்ணமணி முதல் ஆளாகக் கைதட்டினார்.

கணபதியப்பன் மனைவியைப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊர் நம்பாமல் போனால் போகட்டும். ஒரே ஒருத்தி நம்பவேண்டும் என்றுதான் இவ்வளவு பாடும். அந்த ஒருத்தியும் சிரிக்கிறாள். அவர் கீழே இறங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மீனாட்சியம்மாள், “நல்லா இருந்துது” என்றாள்.

“எது?”

“எல்லாந்தான்.”

அதோடு அவர் கேலி பேசுவதை விட்டார். பால்காரர், “என்ன பிள்ளைவாள், ஒடம்புக்கு முடியல்லியா?” என்று கேட்டார். கச்சேரியில் ஒருவர் வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னார். பெண்டாட்டியின் புகழ் பாடப்போய் நாக்கு விழுந்துவிட்டது என்று ஊர் அதையும் சொல்லிச் சிரித்தது.

சனிக்கிழமை காலை ஆபேல் துணியில் சுற்றிய சட்டத்தோடு வந்தான். வாசலில் புதுக் கதவு பளபளத்துக்கொண்டிருந்தது.

“இதை யாருடே கண்ணாடி போடச் சொன்னா? கொண்டுபோய்க் கெணத்துல போடு” என்றார் கணபதியப்பன்.

“பிரிச்சுத்தான் பாருங்களேன் அண்ணாச்சி.”

பிரித்தார். ரோஸ் காகிதம் இல்லை. கசங்கி, நீவிவிடப்பட்டு, ஒரு மூலையில் அடுக்களைக் கரி படிந்த பழைய தாள் கண்ணாடிக்குள் இருந்தது. அவர் கையெழுத்து. ‘அணையே இல்லாத நாக்குடையாள்’ என்பதன்மேல் ஒரு கோடு. ‘குழம்பில் விடும் தண்ணீரைச் சானலில் தடுத்தாள்’ என்பதன்மேல் இரண்டு கோடு. இப்படிப் பதினோரு கேலி, பதினோரு அடித்தல். நடுநடுவே அந்த ஒன்பது வரி.

“இது வெறகுக் கூடையில கெடந்த தாளுல்லா?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஆபேல் ஒருதடவை அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்பதுபோலச் சொன்னான்: “நீங்க அச்சுக்கு வாறதுக்கு முன்னாலயே, திங்கக்கெழமை சேனை வாங்க வந்த அன்னைக்கே அக்கா கொண்டு தந்தாச்சு அண்ணாச்சி, ‘எனக்காகப் பதினோரு கேலியை முழுங்கியிருக்காரு, இதைக் கண்ணாடி போடு’ன்னு கண்ணைத் துடைச்சாங்க, பொறவு, ‘ஆனா அவருட்ட மூச்சு விட்டிராத, இருவது வருசம் அவரு சிரிச்சாச்சு, பத்து நாள் நானும் சிரிச்சுக்கிடுதேன்’னாங்க.”