என் எண்ணுக்கு வந்த கர்ப்பச் செய்தி

அடுத்தவர் தடுமாறும்போது சும்மா உட்கார்ந்திருக்கும் குணம் எனக்கு வாய்க்கவில்லை. அதனால் நான் கெடுத்த காரியங்களில் தலையாயது, சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்த இயந்திரச் சோதனை.

நோயாளிகள் தாங்களே பெயரைப் பதிந்து டோக்கன் எடுக்க ஒரு தொடுதிரை வைத்திருந்தார்கள்; பரிசோதனை முடிவு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். அது தேறுமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். "யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீங்க சார். எங்க சிக்குதுன்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்றாள். இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருந்த நான் தலையாட்டினேன். அவள் டீ குடிக்கப் போனாள்.

கைப்பேசி எண் கேட்கும் இடத்தில் வரிசை நின்றுவிட்டது.

"போனு எங்க வீட்டுக்காரங்கட்ட இருக்கு. நம்பரு தெரியாதே அண்ணாச்சி" என்றாள் ராயகிரிப் பெண் ஒருத்தி.

என் எண்ணைப் போட்டேன். பின்னால் நின்றவர்களுக்கும் போட்டேன். மொத்தம் இருபத்துமூன்று பேர் (எண்ணாவிட்டால் எனக்குப் படபடப்பு வரும்). திரும்பி வந்த சென்னைப் பெண், வரிசை சரசரவென்று நகர்வதைக் கண்டு பூரித்து, 'பிரமாதம்' என்று மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினாள்.

மாலையில் வீட்டில் என் கைப்பேசி ஒலித்தது. மூக்குக்கண்ணாடி அகப்படாததால் மனைவி வாசித்தாள்: "வாழ்த்துகள்! டோக்கன் பதினேழு. கர்ப்பப் பரிசோதனை: பாசிட்டிவ்." (ரகசியம் காக்கப் பெயர் போடுவதில்லையாம்.)

"எத்தன நாளா எங்கிட்ட மறச்சிய?" என்றவள், சட்டென்று முகம் மாறி, "எந்தப் பிள்ள காத்துக் கெடக்காளோ, ஓடுங்க" என்றாள்.

ஓடினேன். பதற்றத்தில், மருத்துவமனைக் கூடத்தின் நடுவே நின்று கத்தினேன்: "இங்கன யாரும்மா மாசமா இருக்கது? எனக்கு வந்திருக்கு!"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஒமக்கா வே?" என்றார் ஒரு பெரியவர்.

பதினேழு, அந்த ராயகிரிப் பெண். கல்யாணமாகிப் பல வருஷம். யாரும் தன்னைக் கூப்பிட்டுச் சொல்லாததால் இந்தத் தடவையும் இல்லை என்று முடிவுகட்டி, கவுன்டரில் கேட்கவும் பயந்து, சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள்.

"நெசமாவா அண்ணாச்சி? இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். மறுபடி அழுதாள். அதற்குள் யாருடைய சர்க்கரை அளவோ எனக்கு வந்து சேர்ந்தது.

சென்னைப் பெண் தலையில் கைவைத்தாள். "மெஷின் தேறல சார். தேறுனது நீங்க." சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள், 'கைப்பேசி இல்லை' என்று ஒரு பொத்தானும் சேர்த்து.

வளைகாப்புக்கு ராயகிரியிலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய புருஷனே வாசலில் நிற்க, பெண்கள் என்னை உள்ளே கூப்பிட்டு, "மொத சேதி உங்களுக்குத்தான வந்துச்சு" என்று ஒரு கண்ணாடி வளையலை என் கையில் ஏற்றிவிட்டார்கள். அது கழலவே இல்லை.

திரும்பும்போது பேருந்தில் நல்ல கூட்டம். மனைவி என் கையை உயர்த்திப் பிடித்து, "புள்ளத்தாச்சிக்கு சன்னலோரம் எடம் குடுங்கப்பா" என்றாள்.

கொடுத்தார்கள். இன்றுவரை எனக்கு அவள் அப்படித்தான் இடம் பிடிக்கிறாள்.