மீட்டர் வீட்டு வெந்நீர்

விருந்துக்குப் போன வீட்டில் செருப்பைக் கழற்றும் முன்பே சுவரிலிருக்கும் பிளக்கைச் சோதித்துப் பார்த்து, "சரி, இந்த வீட்ல உக்காரலாம்" என்று சான்றிதழ் கொடுத்த பெண் மலேசியாவிலேயே ஒருத்திதான். அவள் எங்கள் மீட்டர். இதில் யாரும் என்னோடு வாதத்துக்கு வர வேண்டாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் அவளும் நானும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்தவர்கள். பிறகு பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை. அவள் மின், கணினிப் பொறியியல். நான் மொழியியல்.

பெற்றோர் வைத்த பெயர் நன்றாகத்தான் இருந்தது. முதல் விடுமுறைக்குப் பிரிஞ்சாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கழுத்தில் கரண்ட் சோதிக்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். சிவப்பு ஒயர் ஒரு பக்கம், கறுப்பு ஒயர் மறுபக்கம். எதிரே வந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, டாக்டருக்கா படிக்கிற?"

"ஆமா சார். வீட்டுக்கெல்லாம் நாடி பாக்கப் போறேன்."

லைனுக்கு வந்து சேருவதற்குள் அவளுடைய பெயர் மீட்டர் என்று மாறிவிட்டது. இரண்டே நாளில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் நாடி பார்த்தாள். கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒரு வீட்டிலும் ஒழுங்காக இல்லை. தோட்டத்து ஆபீசுக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினாள். அங்கே அதை யாராவது பிரித்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

கோயில் திருவிழாவில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே சீரியல் பல்புகளின் பிளக்கைப் பிடுங்கினாள். அம்மன் அரை மணி நேரம் இருட்டில் இருந்தாள். பூசாரி கொதித்துப் போனார்.

"ஏம்மா, அம்மனுக்கே ஷாக் அடிக்குமா?"

"அம்மனுக்கு அடிக்காது லா, பூசாரி மாமா. ஈரக் கையோட அத தொடுறது நீங்கதான."

கல்யாணப் பேச்சும் வந்தது. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் தோட்டம், சொந்த லோரி, புது வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் மட்டும் போவதுதான் முறை. நானும் வருவேன் என்று அடம்பிடித்து இவளும் போனாள், பக்கபலத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. மாப்பிள்ளையின் அம்மா தேநீர் போட எழுந்து கெட்டிலின் சுவிட்சில் கை வைக்கப் போனார். "அத்த, கைய எடுங்க" என்று மீட்டர் போட்ட சத்தத்தில் தாம்பாளத்தில் இருந்த ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு ஓடின. சோதித்துப் பார்த்துவிட்டு, "புது வீடு, ஆனா எர்த் இல்ல. மாப்பிள்ளைய அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஒயர்மேனைக் கூப்பிடுங்க" என்றாள். தேநீரும் வரவில்லை, அந்தச் சம்பந்தமும் வரவில்லை. திரும்பும் வழியில் கியா பார்ம் சந்தையில் வண்டியை நிறுத்தி ஸ்ட்ராபெரி வாங்கித் தின்றாள். கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டு வந்தேன். இனி அப்படி எழுத வராது.

நாங்கள் பதினாறு வயதில் நாலாம் பாரம் படித்த வருஷம், தீபாவளிக்கு முந்திய வாரம் அடைமழை. ஈரம் ஏறினால் எங்கள் லைன் வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். உயிரைக் காப்பதற்காகத்தான் அது விழுகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பாதிப் படத்தில் டிவியை அணைக்கும் சனியன் என்றே நினைத்திருந்தோம். அதை விழவிடாமல் ஒரு கம்பியை வைத்துக் கட்டிவிடும் வித்தையை எவரோ கண்டுபிடிக்க, அது வீடு வீடாகப் பரவியது. அந்த வாரம் மீட்டரின் அம்மாவுக்குச் சளி. அவருக்கு ஒரு வாளி வெந்நீர் பிடிக்கக் குளியலறைக்குப் போன அவளுடைய அப்பா, ஹீட்டரைத் தொட்டவர், திரும்பி வரவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டு ட்ரிப் பெட்டியிலும் அதே கம்பி இருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து மீட்டரின் அம்மா எந்தச் சுவிட்சையும் கையால் தொட்டதில்லை. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். விளக்கு போட வேண்டுமென்றால் மர அகப்பையால் தட்டுவார். அதற்கென்றே ஒரு அகப்பை வாசல் பக்கம் தொங்கும். அதுகூடப் பரவாயில்லை. வெந்நீரையே விட்டுவிட்டார். மலையில் வாயைத் திறந்தால் புகை வரும் விடியற்காலையில், கொழுந்து பறிக்கப் போகும் முன் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். அடுப்பிலாவது சுட வைக்கலாமே என்று எங்கள் அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"வெந்நி கொண்டாரத்தான அவரு போனாரு. எனக்கு எதுக்கு இனிமே வெந்நி?" என்றார் அத்தை.

மீட்டர் ஏன் பொறியியல் படித்தாள் என்று கேட்டவர்களிடம் நல்ல சம்பளம் என்று சொல்லி வைத்தாள். அது பொய். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அம்மா பயமில்லாமல் ஒரு சுவிட்சைப் போட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும்.

கடைசி வருஷத் திட்டத்துக்கு மற்றவர்கள் ரோபோ, டிரோன் என்று எழுதிக் கொடுத்தார்கள். இவள் எழுதியது, ட்ரிப் விழுந்தால் எதனால் விழுந்தது என்று வாய் திறந்து சொல்லும் ஒரு பெட்டி. "அது எதுக்கு விழுதுன்னு தெரியாமத்தான்டி கம்பிய வெச்சுக் கட்டுறாங்க. அதுக்கு வாய் இருந்தா கட்டுவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். வாய் என்னுடையது. விடுதி அறையில் வெளிச்சத்தம் புகாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் குரலைப் பதிவு செய்தோம். பரிசோதனைக் கூடத்தில் அதை ஓட்டிக் காட்டியபோது, "ஹீட்டருக்குள்ள தண்ணி பூந்துருச்சு. அத தொடாதீங்க, சொல்றேன்ல" என்று என் குரல் அதட்டியது. தமிழ் தெரியாத விரிவுரையாளர் இரண்டடி பின்னால் போய்விட்டார். அதிகப் புள்ளிகள் கிடைத்தன.

அதற்கடுத்த விடுமுறையில் அம்மாவின் வீட்டுக்கு ஒயர் முழுவதையும் ஒயர்மேன் ஒருவரோடு சேர்ந்து மாற்றினாள். தரையில் எர்த் கம்பி அடித்தாள். புது ட்ரிப், புது ஹீட்டர், பேசும் பெட்டி. எல்லாம் முடிந்ததும் ஹீட்டரைத் தானே போட்டு, ஓடும் வெந்நீரில் கையை நீட்டிக் காட்டினாள். அத்தை கதவுக்கு வெளியே நின்று சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"போதும், வெளிய வா."

"ஒண்ணும் ஆவாதும்மா. நீ ஒரு தடவ போடேன்."

"நீ படிச்சு முடிச்சுட்டு வந்து சொல்லு. அன்னிக்குப் போடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கடைசித் தேர்வில் மூன்று பேப்பர் எழுதியிருந்தாள். அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று செய்தி வந்தது. பச்சைத் தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பஸ் மலை ஏறி நாங்கள் போய்ச் சேரும்போது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

பின்கட்டில் குளிப்பாட்டப் பெஞ்சு போட்டு அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் நாங்கள் சுற்றிச் சேலை பிடித்துக்கொண்டு நின்றோம். குழாயடியிலிருந்து குடங்களில் தண்ணீர் வந்தது. மீட்டர் குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"இது வேணாம். வெந்நி ஊத்தலாம்."

"பச்சத் தண்ணிதான் ஊத்தணும் பிள்ள. அதான் வழக்கம்" என்றார் மூத்த கிழவி ஒருவர்.

"பாட்டி, ஏழு வருஷமா அம்மா பச்சத் தண்ணிதான் ஊத்திக்கிச்சு."

கிழவி குடத்தை ஓரமாக நகர்த்தினார். மீட்டர் உள்ளே போனாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். ஹீட்டருக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு பேப்பர்தாம்மா இருக்கு. முன்னாடியே போட்டுக்கலாம்."

சுவிட்சைப் போட்டாள். நான் வாளி வாளியாகப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஊற்றினாள். குளிரில் ஆவி எழுந்து அத்தையின் முகத்தை மறைத்தது.

திரும்பிப் போய் அந்த இரண்டு பேப்பரையும் எழுதினாள். இப்போது கோலாலம்பூரில் பெரிய வேலை. மலைக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். வந்ததும் குளிக்கப் போவாள். அவள் வெளியே வரும் வரைக்கும் நான் குளியலறைக் கதவை விட்டு நகர்வதில்லை.