எழும்பாரும் ராசாவின் பாட்டும்

பிரித்தானிய சாம்ராச்சியத்தைக் கதிரையில் இருந்தபடியே எதிர்த்துப் போராடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் சமறியில், எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவர். பெயர் எழும்பார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

சமறி என்றால் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் கூடி வாடகைக்கு எடுத்த வீடு. இரண்டாம் உலக யுத்தகாலம். அரிசிக்குப் பங்கீடு, விளக்குக்குக் கறுப்புத்துணி. எங்களுக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம் படம் பார்ப்பது. படம் முடிந்ததும் இங்கிலாந்து ராசாவை வாழ்த்தும் ராசாவின் பாட்டுப் போடுவார்கள்; கொட்டகை முழுக்க எழுந்து விறைத்து நிற்கும். எழும்பார் மட்டும் எழும்பமாட்டார்.

அரசாங்க உத்தியோகத்தர் அரசியல் பேசக்கூடாதே என்றால், "நான் எங்கை ஐசே பேசினனான்? சும்மா இருக்கிறன். இருக்கக்கூடாதெண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு?" என்பார். "தேயிலையும் எங்கட, றப்பரும் எங்கட, வரியும் எங்கட. எழும்பி நிக்கிறதும் நாங்களோ?"

ஆகவே பாட்டுத் தொடங்குமுன் அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவது எங்கள் வேலையாயிற்று. எத்தனையோ கதாநாயகிகளுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மரியாதை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் மீன்கூடையோடு யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுப்பார். சைரன் ஊதினால் பதுங்குகுழிக்குள் முதலில் பாய்வதும் அவர்தான். "இது மரியாதையில்லை, பயம்" என்று உள்ளேயிருந்து விளக்கம் வேறு சொல்வார்.

ஒருநாள் வாள்சண்டையில் மயங்கி நாங்கள் பிந்திவிட்டோம். பாட்டுத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நிற்க, எழும்பார் கடலைச் சுருளோடு சொகுசாக இருந்தார். பின்வரிசையில் நின்றவர் அவர் வேலை செய்யும் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை!

பாட்டு முடிந்ததும் துரை குனிந்து, ஏன் எழும்பவில்லை என்று கேட்டார். எங்களோடு வந்திருந்த செல்லையா முந்திக்கொண்டார். "சைக்கிளாலை விழுந்தவர், சேர். கால் ஏலாது." வாய் நிறையக் கடலை இருந்ததால் எழும்பாருக்கு மறுக்க வழியில்லை. துரை இரங்கிப்போனார். நாளைக்கு வந்து தன்னைப் பார்க்கும்படியும், மாடி ஏறாமல் கீழேயே இடம் தருவதாகவும் சொன்னார்.

ஊரில் எழும்பாருக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண் வீட்டார் சம்மதித்தது மாப்பிள்ளைக்கல்ல, அவருடைய அரசாங்க உத்தியோகத்துக்கு. அது போனால் கலியாணமும் போகும். ஆகவே காலையில் அவரை நொண்டப் பழக்கினோம். போகும்போது வலக்கால் நொண்டியது, வரும்போது இடக்கால்.

"ஏதாவது ஒரு காலிலை நில்லும் ஐசே!" என்று செல்லையா தலையில் அடித்துக்கொண்டார்.

எழும்பார் நின்றுவிட்டார். "விடும் செல்லையா. ராசாவுக்கு எழும்பாத கால் துரைக்கு நொண்டுமோ?"

வழமைபோல விறுவிறென்று நடந்து கந்தோருக்குப் போனார். "கால் நல்ல சுகம், சேர். எழும்ப மனமில்லை" என்று துரையின் முகத்துக்கு நேரே சொன்னாராம். பின்னேரம் உத்தியோகம் இல்லாமல் திரும்பி வந்தார்.

"கலியாணம்?" என்று கேட்டேன்.

"அவை இனி வேறை இடம் பாப்பினம்" என்றார். கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை வெளியே இழுத்தார்.

யாழ்ப்பாணம் போகும் மெயில் ரயிலுக்காக அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். யார் முதலில் எழுந்தார் என்று தெரியாது. சோற்றுக் கையோடு எல்லோரும் எழுந்து நின்றோம்.

"சீ, என்ன விசர் வேலை பாக்கிறியள்? இருந்து சாப்பிடுங்கோ!" என்று அதட்டினார். கண் கலங்கியிருந்தது.

அவர் ஒழுங்கை திரும்பி மறையும்வரை நாங்கள் ஒருவரும் உட்காரவில்லை.