முதல் வாய்

“முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் நான் சாப்பிடறேன்” என்று தட்டைத் தள்ளிவிட்டார் பஸ் டிரைவர்.

மனநல வார்டின் உணவு ஆலோசகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்ற பயம் அந்த வார்டுக்குப் புதிதல்ல. ஆனால் டிரைவர் அந்தப் பயத்திலிருந்து தேறி வந்தவர். மாதக் கடைசிக்குள் அவர் எடை ஏறாவிட்டால் மூக்கில் குழாய்தான் என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் அவள் ஒரு கரண்டி சூப்பை விழுங்கினாள். அவரும் சமர்த்தாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பக்கத்துக் கட்டில் டீச்சர் தட்டை நீட்டினார். “அவருக்கு மட்டும்தானா? என்னதையும் சாப்பிட்டுப் பாரும்மா.”

மூன்றாம் நாள் ஆறு கட்டில்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் வாயை மூடிக்கொண்டார்கள்.

சின்னக் கரண்டி கொண்டுவந்தாள்.

“இத்துனூண்டுல என்ன தெரியும்?” என்றார் டீச்சர்.

“எனக்குப் பசியில்லைங்க.”

“அப்ப எங்களுக்கும் இல்ல” என்றார் மூலைக் கட்டில் தையல்காரர்.

“நின்னுக்கிட்டுத் தின்னா செல்லாது. உக்காருங்க” என்று டிரைவர் வேறு சட்டம் போட்டார்.

உட்கார்ந்தாள். ஆறு தட்டிலும் தின்றாள். சாப்பாட்டு வண்டியின் மேல்தட்டில் வைத்த அவளுடைய டிபன் பாக்ஸ் மட்டும் வழக்கம்போலத் திறக்காமலே வீட்டுக்குப் போனது. அம்மா போனதிலிருந்து அப்படித்தான். தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு இருப்பது ஃப்ரிட்ஜின் உறுமல் ஒன்றுதான். இங்கேயாவது நாலு பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தால், ஆறு பேரில் ஒருவருக்குக்கூடத் தன்மேல் நம்பிக்கை இல்லை. அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

மாதக் கடைசியில் எடை பார்த்தார்கள். டிரைவர் இரண்டு கிலோ ஏறியிருந்தார். குழாய்க்கு வேலையில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் போன பிறகு அவளும் மெஷினில் ஏறிப் பார்த்தாள். நாலு கிலோ!

“பாருங்கக்கா, இவங்க சந்தேகத்துல நான் பெருத்துட்டேன்” என்றாள், சாப்பாட்டு வண்டி தள்ளும் அக்காவிடம். “எப்பத்தான் என்னை நம்புவாங்களோ?”

“சந்தேகமா? நல்ல கதை! உங்க டிபன் பாக்ஸ் தெனமும் திறக்காமப் போறதப் பார்த்துட்டு டிரைவர்தான் மீட்டிங் போட்டாரு” என்று அக்கா வண்டியைத் தள்ளினாள். “இந்த வார்டுல மொத்தம் ஏழு பேஷண்ட்டாம். அதுல ஆறு பேருக்குத்தான் கட்டில் குடுத்திருக்காங்களாம்.”